இந்திய டைனோசர்களைப் படிக்கத் தொடங்குவோருக்கு: எலும்பிலிருந்து பெயருக்குப் போகும் வழி

இந்தியாவில் கிடைத்த டைனோசர்களைப் பற்றி அறிய விரும்பும் ஒருவர் முதலில் தேடிப் போவது பெயர்ப் பட்டியலைத்தான். டைட்டனோசாரஸ், இண்டோசூக்கஸ், ஜப்பல்பூரியா, லமேட்டாசாரஸ், ராஜாசாரஸ், பாரபாசாரஸ் என்று அது நீண்டுகொண்டே போகும். படிப்பவருக்கு எல்லாப் பெயர்களும் ஒரே தரத்தவை என்றே தோன்றும். ஆனால் அவற்றுள் ஒன்றின் பின்னால் ஏறத்தாழ முந்நூறு எலும்புகள் இருக்கின்றன. இன்னொன்று இரண்டே இரண்டு வால் முள்ளெலும்புகளை நம்பி வைக்கப்பட்ட பெயர். வேறொன்றின் எலும்புகள் இன்று எங்குமே இல்லை. இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளும் பழக்கம் வந்துவிட்டால், இந்தத் துறையின் செய்திகளை யார் துணையும் இல்லாமல் எடைபோட்டுப் படிக்க முடியும். அந்தப் பழக்கத்துக்கு ஒரு வழியைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்குமுன் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டைனோசருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே பெயரை எழுதி, அதன் கீழே மூன்று கேள்விகளை இடம்விட்டு எழுதுங்கள்: எந்த எலும்பு? எந்தப் பாறை? இப்போது எங்கே இருக்கிறது? உடல் நீளம், எடை, உணவு முதலியவற்றைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். இந்த மூன்றுக்கும் விடை தெரியாத வரையில் மற்றவை எல்லாம் ஊகங்களே.

முதற்படி: பாறையைத் தெரிந்துகொள்ளுதல்

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குவது எளிது. இந்தியாவில் டைனோசர் எலும்புகள் எல்லா இடங்களிலும் கிடைப்பதில்லை. அவை வாழ்ந்த காலத்தில் ஆறும் ஏரியும் கொண்டுவந்து படியவைத்த மண், பாறையாக இறுகி, பின்னாளில் அரிப்பினால் மறுபடி வெளியே தெரிகிற இடங்களில் மட்டுமே கிடைக்கின்றன. இந்திய வரைபடம் ஒன்றில் நான்கு இடங்களைக் குறித்துக்கொண்டால் பெரும்பாலான பெயர்கள் அவற்றுக்குள் அடங்கிவிடும்.

முதலாவது, தெலங்கானாவும் மகாராஷ்டிரமும் சந்திக்கும் பிராணஹிதா–கோதாவரிப் பள்ளத்தாக்கு. இங்கே மலேரி, தர்மாரம், கோட்டா என்னும் படிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன. அடியில் இருக்கும் மலேரி டிரையாசிக் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தது (டிரையாசிக், ஜுராசிக், கிரெட்டேசியஸ் என்பவை பழமையிலிருந்து புதுமைக்கு வரும் வரிசை). டைனோசர்கள் அப்போதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்தன. மேலே இருக்கும் கோட்டா ஜுராசிக் காலத்தது. ஒரே பள்ளத்தாக்கில் கீழிருந்து மேலே படித்துக்கொண்டு போனால், சிறிய உடலும் இரண்டு கால் நடையுமாக இருந்த தொடக்க கால விலங்குகளிலிருந்து நான்கு கால்களில் நடந்த பெருவிலங்குகள் வரை ஒரு தொடர்ச்சி கிடைக்கிறது. உலகில் இப்படி அமைந்த இடங்கள் மிகக் குறைவு என்பதால், புதிதாகப் படிக்க வருபவர்களை நான் எப்போதும் இங்கிருந்தே தொடங்கச் சொல்வேன்.

இரண்டாவது, ராஜஸ்தானின் ஜெய்சால்மர்ப் பகுதி. அங்கே ஜுராசிக் காலக் கடலோரப் படிவுகள் உள்ளன. மூன்றாவது, லமேட்டா படிவு. ஜபல்பூரில் நர்மதைக் கரையில் உள்ள லமேட்டா காட் என்னும் படித்துறையின் பெயரே இதற்கு வந்தது. ஜபல்பூரிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டம், குஜராத்தின் பாலாசினோர், மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் வரை துண்டு துண்டாக இது வெளித்தெரிகிறது. கிரெட்டேசியஸ் காலத்தின் முடிவில், ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பரவிய காலத்தை ஒட்டிப் படிந்தது இது. நான்காவது, நம் காவிரிப் படுகையின் அரியலூர்ப் பகுதி. அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

வரைபடத்தில் இடங்களைக் குறிக்கும்போது இன்னொன்றையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். மலேரி படிந்த காலத்தில் இந்தியா பெருங்கண்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. லமேட்டா படிந்த காலத்திலோ மடகாஸ்கரிலிருந்தும் பிரிந்து, வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த தனித் தீவாகிவிட்டது. லமேட்டாவின் இரைவிலங்குகளுக்கு, அதாவது வேட்டையாடி இறைச்சி தின்ற டைனோசர்களுக்கு, நெருங்கிய உறவினர் மடகாஸ்கரிலும் தென் அமெரிக்காவிலும் காணப்படுவதன் காரணம், இந்த நிலங்கள் எல்லாம் முன்பு ஒன்றாக இணைந்திருந்ததே.

இரண்டாம் படி: ஒரு பெயரைப் பிரித்துப் பார்த்தல்

பாறைகளின் வரிசை பிடிபட்டபின் பெயர்களுக்கு வரலாம். பயிற்சிக்கு மிகப் பொருத்தமான பெயர் டைட்டனோசாரஸ் இண்டிகஸ்.

1828இல் ஜபல்பூரில் பாரா சிம்லா என்னும் குன்றில், ஆங்கிலேயப் படைத் தலைவர் வில்லியம் ஹென்றி ஸ்லீமன் சில எலும்புகளைக் கண்டெடுத்தார். 'டைனோசர்' என்ற சொல்லை ரிச்சர்ட் ஓவன் உருவாக்கியது 1842இல்தான். ஆகவே எடுத்தவருக்கு அது என்னவென்று தெரிந்திருக்க வழியில்லை. 1877இல் ரிச்சர்ட் லிடெக்கர் வால் முள்ளெலும்புகளை அடிப்படையாகக் கொண்டு டைட்டனோசாரஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார். முதற்பெயர் பேரினத்தையும் இரண்டாவது பெயர் இனத்தையும் குறிக்கும்.

இந்த முள்ளெலும்பின் வடிவத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு முள்ளெலும்பின் முன்பக்கமும் கிண்ணம்போல் குழிந்திருக்கும். பின்பக்கம் பந்துபோல் புடைத்திருக்கும். ஒன்றின் பந்து அடுத்ததன் கிண்ணத்தில் பொருந்தும். லிடெக்கரின் காலத்தில் இது இந்த விலங்குக்கே உரிய அடையாளமாகத் தோன்றியது. பின்னர் தென் அமெரிக்காவிலும் பிற கண்டங்களிலும் இதே வகை வால் கொண்ட விலங்குகள் பல கிடைத்தன. அப்படியானால் லிடெக்கர் கண்ட அடையாளம் ஒரு முழுக் குழுவுக்கும் பொதுவானது; இந்த ஒரு விலங்கைத் தனித்துக் காட்ட அது போதாது. 2003இல் வில்சன், அப்சர்ச் ஆகிய இருவரும் இதை விரிவாக ஆராய்ந்து, டைட்டனோசாரஸ் என்பது ஐயத்துக்குரிய பெயர் என்று முடிவு செய்தார்கள். ஒரு குழு முழுவதற்கும் தன் பெயரைக் கொடுத்த விலங்கு, தானே ஓர் இனமாக நிலைபெற முடியாமல் போனது.

மூன்றாவது கேள்விக்கும் இதே விலங்கில் பாடம் இருக்கிறது. மூல முள்ளெலும்பு நெடுங்காலம் தொலைந்துவிட்டதாகவே கருதப்பட்டது. 2012இல்தான் கொல்கத்தாவில் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் சேகரிப்பில் அது மறுபடி அடையாளம் காணப்பட்டது. எந்த எலும்பை வைத்து ஓர் இனத்துக்குப் பெயரிடுகிறார்களோ அதற்கு ஹோலோடைப் என்று பெயர். பெயர் பற்றிய வழக்கு எதுவானாலும் கடைசியில் அந்த எலும்பிடம்தான் போக வேண்டும். எனவே உங்கள் நோட்டில் 'இப்போது எங்கே' என்ற இடத்தை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

அதே பாரா சிம்லாவில் 1917 முதல் சார்லஸ் மேட்லி தோண்டிச் சேர்த்த எலும்புகளை அவரும் ஜெர்மானிய அறிஞர் ஃபிரெடரிக் ஃபான் ஹூனேயும் 1933இல் விவரித்தார்கள். இந்திய இரைவிலங்குகளின் பெயர்களில் பெரும்பகுதி இந்த ஒரு நூலிலிருந்து வந்தது. எலும்புகளோ ஒன்றோடொன்று சேராமல் கலைந்து கிடந்தவை. எந்தக் கால் எந்தத் தலைக்கு உரியது என்று சொல்ல முடியாத நிலையில், தனித்தனி முள்ளெலும்புகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் வந்துவிட்டன. ஜப்பல்பூரியா, ஆர்னிதோமிமாய்ட்ஸ் போன்றவை அப்படி வந்தவை. இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு லமேட்டாசாரஸ். கவசத் தகடுகள் உடைய தாவர உண்ணி என்று மேட்லி அதைக் கருதினார். ஆனால் இடுப்பும் காலும் ஓர் இரைவிலங்குக்கு உரியவை, தகடுகள் வேறு விலங்குகளுக்கு உரியவை என்று பின்வந்தவர்கள் கண்டார்கள். இத்தகைய பெயர்களின் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இடுங்கள். அழித்துவிட வேண்டாம், புதிய எலும்பு கிடைத்தால் நிலைமை மாறக்கூடும்.

மூன்றாம் படி: உறுதியான சிலவற்றை ஆழமாகப் படித்தல்

ஐயத்துக்குரியவற்றைப் பார்த்த பிறகு, நிறைந்த சான்றுள்ள விலங்குகளைப் படித்தால் வேறுபாடு சட்டெனப் புரியும். நான் மூன்றைப் பரிந்துரைக்கிறேன்.

பாரபாசாரஸ் தாகோரெய் கோட்டா படிவைச் சேர்ந்தது. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் நிலவியல் பிரிவு தொடங்கப்பட்ட காலத்தில், லண்டனிலிருந்து வந்த பமீலா ராபின்சனின் வழிகாட்டுதலில் களப்பணி நடந்தது. 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் பெரும்பகுதி எலும்புகள் தோண்டி எடுக்கப்பட்டன. வங்காளத்தில் 'பரா பா' என்றால் பெரிய கால். 1961 இரவீந்திரநாத் தாகூரின் நூற்றாண்டு ஆகையால் இனப் பெயர் அவர் நினைவாக அமைந்தது. 1975இல் ஜெயின், குட்டி, ராய் சௌத்ரி, சாட்டர்ஜி ஆகியோர் இந்தப் பெயரை முறையாக வெளியிட்டார்கள். ஏறத்தாழ முந்நூறு எலும்புகள் கிடைத்தும், பற்களைத் தவிரத் தலைப்பகுதியில் எதுவும் கிடைக்கவில்லை. நெடுங்கழுத்து விலங்குகளின் மண்டையோடு மெல்லிய எலும்புகளால் ஆனது. இறந்தபின் எளிதில் கழன்று நீரில் போய்விடும். ஆகவே பொருட்காட்சிகளில் இதற்குத் தலை இருப்பதைக் கண்டால், அது உறவு விலங்குகளைப் பார்த்துச் செய்து வைத்தது என்று அறிந்துகொள்ளுங்கள். இதே கோட்டா படிவில் யாமன்பள்ளி ஊருக்கு அருகே கிடைத்த கோட்டாசாரஸையும் பக்கத்திலேயே வைத்துப் படிக்கலாம்; அதற்கு 1988இல் யாதகிரி பெயரிட்டார்.

இரண்டாவது ஐசிசாரஸ் கோல்பெர்டி. சந்திரபூர் மாவட்டத்தின் தோங்கர்காவில், லமேட்டா படிவில் கிடைத்தது. 1997இல் டைட்டனோசாரஸ் கோல்பெர்டி என்றே பெயரிடப்பட்டது. டைட்டனோசாரஸ் என்ற பெயரே ஆட்டம் கண்டபோது, இந்த விலங்குக்குப் போதிய எலும்புகள் இருந்ததால் அது தப்பியது. 2003இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஆங்கில எழுத்துச் சுருக்கத்தை முன்னால் வைத்துப் புதிய பேரினப் பெயர் கொடுத்தார்கள். அதே ஆய்வு ஒரு பெயரைத் தள்ளி இன்னொன்றைக் காப்பாற்றியதைப் பார்த்தால், எலும்புகளின் எண்ணிக்கை ஏன் முக்கியம் என்று விளங்கும்.

மூன்றாவது, பலரும் அறிந்த ராஜாசாரஸ் நர்மதென்சிஸ். குஜராத்தில் பாலாசினோருக்கு அருகே ராகியோலியில், 1980களின் தொடக்கத்தில் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் சுரேஷ் ஸ்ரீவத்சவா இதன் எலும்புகளைச் சேகரித்தார். அவர் எலும்புகளை எடுத்ததோடு நிற்காமல், எந்த எலும்பு எந்த இடத்தில் எந்தத் திசையில் கிடந்தது என்பதை வரைபடமாகக் குறித்து வைத்தார். இருபது ஆண்டுகள் கழித்து அமெரிக்க அறிஞர்களும் இந்திய அறிஞர்களும் சேர்ந்து அந்தச் சேகரிப்பை ஆராய்ந்தபோது, மூளைப்பெட்டி, முதுகெலும்பு, இடுப்பு, பின்னங்கால் ஆகியவை ஒரே விலங்குக்கு உரியவை என்று சொல்ல அந்த வரைபடம் உதவியது. 2003இல் பெயர் வெளியானது. தலையின் மேல் ஒற்றைக் கொம்புபோல் எழுந்த ஒரு புடைப்பு இதன் தனி அடையாளம். பாரா சிம்லாவில் குழப்பம் மிஞ்சியதற்கும் ராகியோலியில் ஒரு விலங்கு முழுமையாகத் திரண்டு வந்ததற்கும் இடையில் நிற்பது அந்தக் காகிதம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நான்காம் படி: முட்டைகளையும் எச்சங்களையும் சேர்த்துப் பார்த்தல்

இந்தியாவின் தனிச் செல்வம் டைனோசர் முட்டைகள். குஜராத்தின் பாலாசினோர்ப் பகுதிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் 1980களில் கூடுகள் கண்டறியப்பட்டன. 2023இல் தார் மாவட்டத்திலிருந்து 92 கூடுகளும் 256 முட்டைகளும் ஓர் ஆய்வில் விவரிக்கப்பட்டன. பாறையில் முட்டை எப்படித் தெரியும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கோழிமுட்டை போல உருண்டு கையில் வராது. மழையில் தேய்ந்த சுண்ணாம்புப் பாறைப் பரப்பில் 15 செ.மீ. அளவில் வட்டங்கள் தெரியும். வட்டத்தின் ஓரம் மெல்லிய கோடாக நிற்கும். உட்புறத்தில் சுற்றியுள்ள பாறையே நிறைந்திருக்கும். அந்தக் கோடுதான் ஓடு. அதன் சிறு துண்டைக் கைலென்ஸ் வழியே பார்த்தால், வெளிப்பரப்பு முழுவதும் கடுகு தூவியதுபோல் சிறு முண்டுகள் நெருங்கியிருப்பதைக் காணலாம்.

முட்டைக்குத் தரும் பெயர் ஓட்டின் அமைப்புக்குத் தரும் பெயர். இட்ட விலங்கின் பெயர் ஆகாது. உள்ளே கரு கிடைத்தாலொழிய இன்னதன் முட்டை என்று இனம் வரை சொல்ல முடியாது. நோட்டில் முட்டைகளுக்குத் தனிப் பகுதி ஒதுக்குங்கள். மகாராஷ்டிரத்தின் பிஸ்தூராவில் கிடைத்த சாண எச்சங்களையும் அதில் சேர்க்கலாம்; அவற்றுள் புல்லின் நுண்துகள்கள் இருப்பதை 2005இல் கண்டார்கள். கிரெட்டேசியஸ் காலத்திலேயே புல் இருந்தது என்பதற்கு அது உறுதியான சான்றாயிற்று.

ஐந்தாம் படி: அரியலூர்

தமிழ் வாசகர் நேரில் போய்ப் பார்க்கக்கூடிய இடம் இது. ஏமாற்றங்களுக்கும் இங்கே இடமுண்டு. அரியலூர், பெரம்பலூர்ப் பாறைகளில் பெரும்பாலானவை கடலடியில் படிந்தவை. காரை ஊரை அடுத்த செம்மண் ஓடைகளிலும் சிமெண்ட் ஆலைகளின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் கிடைப்பவை அம்மோனைட்டுகளும் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிர்கள்) சிப்பிகளுமே. டைனோசர் நிலத்து விலங்கு என்பதால், ஆறு கொண்டுவந்து படியவைத்த கள்ளமேடு படிவில்தான் அதைத் தேட வேண்டும்.

அந்தக் கள்ளமேட்டிலிருந்துதான் 1987இல் யாதகிரி, அய்யாசாமி இருவரும் புருஹத்காயோசாரஸ் மேட்லியை அறிவித்தார்கள். முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு மட்டுமே ஏறத்தாழ 2 மீட்டர் நீளம். முதலில் இரைவிலங்கு என்று கருதப்பட்டது; பின்னர் நெடுங்கழுத்துத் தாவர உண்ணி என்று கொள்ளப்பட்டது. எலும்புகள் எளிதில் நொறுங்கும் நிலையில் இருந்தமையால் சிதைந்து போயின. இன்று இருப்பவை விவரிப்பும் கோட்டுப்படங்களும், 2022இல் வெளியான பழைய களப் புகைப்படங்களும் மட்டுமே. 2023இல் வெளிவந்த ஒரு கணிப்பு இதன் எடையை 110 முதல் 170 டன் வரை என்கிறது. உலகிலேயே பெரிய நிலவிலங்கு நம் அரியலூரில் வாழ்ந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அளந்து பார்க்க எலும்பு இல்லாத இடத்தில் எடையைப் பற்றி உறுதியாகப் பேச முடியாது. நோட்டில் இதற்கான பக்கத்தில் மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுதுங்கள்.

இதே பகுதியிலிருந்து 1979இல் அறிவிக்கப்பட்ட திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி, முதுகில் தகடுகள் கொண்ட ஸ்டெகோசார் வகை என்று சொல்லப்பட்டது. 1996இல் சாட்டர்ஜியும் ருத்ராவும் அவை கடல்வாழ் பிளீசியோசாரின் எலும்புகள் என்று மறுத்தார்கள். கிடைத்த பாறை கடற்படிவு என்பதை நீங்கள் முன்பே குறித்து வைத்திருந்தால், இந்த மறுப்பின் வலு உங்களுக்குத் தானே புலப்படும். மாறாக, 2013இல் கள்ளமேட்டிலிருந்து விவரிக்கப்பட்ட ட்ரூடான் வகை இரைவிலங்கின் பல் மிகச் சிறியது. ஆனால் அது கையில் இருக்கிறது.

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில், ஏரி தூர்வாரும்போது வெளிவந்த உருண்டைக் கற்களை டைனோசர் முட்டைகள் என்று பலர் நம்பினார்கள். வல்லுநர்கள் பார்த்தபோது அவை அம்மோனைட் சார்ந்த படிவ உருண்டைகள் என்று தெரிந்தது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை; ஆயினும் அளவையும் ஓட்டையும் பாறையையும் பார்க்கப் பழகியவர் அன்றே ஐயப்பட்டிருப்பார். முட்டையானால் ஓடு இருக்க வேண்டும். உருண்டைகள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ ஒரே அளவில் இருக்க வேண்டும். பாறை நிலப்படிவாக இருக்க வேண்டும்.

ஆறாம் படி: நேரில் பார்த்தல்

பாரபாசாரஸின் எலும்புக்கூடு கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் நிலவியல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. முன்கூட்டியே அனுமதி கேட்டுச் செல்வது நல்லது. கோட்டாசாரஸை ஐதராபாத்தின் பிர்லா அறிவியல் மையத்தில் காணலாம். ராகியோலியில் புதைபடிவப் பூங்காவும் 2019இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகமும் உள்ளன. அரியலூரை அடுத்த வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. காரை ஓடைகளுக்குப் போகுமுன் அதைப் பார்த்துவிட்டால் கண் பழகிவிடும். எங்கே போனாலும் அசல் எலும்பு எது, வார்ப்பு எது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

களத்தில் ஏதேனும் கண்ணில் பட்டால் அதைப் பெயர்க்காதீர்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தையோ அளவுகோலையோ வைத்து, அருகிலிருந்து ஒன்றும் சுற்றுப்புறம் தெரியும்படி ஒன்றுமாகப் படம் எடுங்கள். கைபேசியில் இட அமைவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்கோ அருகிலுள்ள பல்கலைக்கழக நிலவியல் துறைக்கோ தெரிவியுங்கள். எலும்பா கல்லா என்று அறிய உடைந்த முனையைக் கைலென்ஸில் பாருங்கள்: எலும்பானால் பெரும்பாலும் தேன்கூடு போன்ற நுண்துளைகள் தென்படும். இடத்திலிருந்து பெயர்த்து வீட்டுக்கு எடுத்துவந்த எலும்பு, எந்த அடுக்கில் கிடந்தது என்ற செய்தியை இழந்துவிடுகிறது. அதன்பின் அதை வைத்து யாராலும் அதிகம் சொல்ல முடியாது.

புதிய அறிவிப்புகளைப் படிக்கும் முறை

இப்போது உங்களால் புதிய செய்தி ஒன்றை நோட்டில் ஏற்ற முடியும். 2023இல் அறிவிக்கப்பட்ட தாரோசாரஸ் இண்டிகஸை எடுத்துக்கொள்வோம். பாறை: ஜெய்சால்மர்ப் படிவு, ஏறத்தாழ 16.7 கோடி ஆண்டுகள். எலும்பு: பெரும்பாலும் முள்ளெலும்புகளின் பகுதிகள். செய்தித் தலைப்புகள் 'உலகின் மிகப் பழைய' என்று தொடங்கும். எதில் மிகப் பழையது என்று பாருங்கள். டிப்ளோடோகஸ் சார்ந்த நெடுங்கழுத்துக் குழுவில் மிகப் பழையது என்பதே ஆய்வின் கூற்று. எல்லா டைனோசர்களிலும் பழையது என்று அது சொல்லவில்லை.

அடுத்து, 2025இல் பெயர் பெற்ற மலேரிராப்டர் குட்டியி. பெயரின் முற்பகுதியே பாறையைச் சொல்லிவிடுகிறது: மேல் மலேரி படிவு, ஏறத்தாழ 22 கோடி ஆண்டுகள். பிற்பகுதி, பாரபாசாரஸுக்குப் பெயரிட்ட நால்வரில் ஒருவரான டி. எஸ். குட்டியின் நினைவு. எலும்பு: இடுப்புப் பகுதியும் முள்ளெலும்புகளும். உறவு: அர்ஜென்டினாவின் ஹெரெராசாரஸ் சார்ந்த இரைவிலங்குக் கூட்டம். வரைபடத்தில் கோதாவரிப் பள்ளத்தாக்கின்மேல் இன்னொரு புள்ளி வைத்து, அதே பக்கத்தில் பழைய மலேரி விலங்கான ஆல்வாக்கேரியாவையும் எழுதுங்கள். அதற்கு 1987இல் வைத்த வாக்கேரியா என்ற பெயர் கடற்பாசி போன்ற ஓர் உயிரிக்கு முன்பே இருந்ததால் 1994இல் மாற்ற நேர்ந்தது. அதன் எலும்புகள் ஒரே விலங்குக்கு உரியவைதாமா என்ற ஐயமும் இருக்கிறது. அதன் பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி இட்டுவிட்டு, மலேரிராப்டரின் பக்கத்தை மையால் எழுதலாம்.